ஆற்றங்கரைப் புதிர்

சிங்கப்பூர் ஆற்றோரம் ஒரு புதிர் ஜியோகேஷ் (யாரோ ஒளித்துவைத்த டப்பாவைத் தேடும் விளையாட்டு) தேடி நடந்தோம். இந்த வகைக்கு வரைபடத்தில் கேள்விக்குறிதான் இருக்கும். டப்பா இருக்கும் இடத்தை நாமே கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். லேசுப்பட்ட புதிர் இல்லை. ஆண்டர்சன் பாலம் 1910, கேவனா பாலம் 1869 என்று கணக்குக்கான ஆண்டுகளைக் குறித்துக்கொண்டே போனோம். கேவனா பாலத்தில் மாடு, குதிரைகளுக்குத் தடைபோட்ட அறிவிப்புப் பலகை இன்னும் இருக்கிறது!

டல்ஹவுசி தூண் பக்கம் வந்ததும் எனக்கு டப்பாவே மறந்துவிட்டது. 1850இல் வந்த கவர்னர் ஜெனரல் டல்ஹவுசியின் வருகை நினைவாக எழுப்பியது. நான்கு மொழிக் கல்வெட்டில் தமிழும் ஒன்று. எழுத்துக்கூட்டிப் படித்துப் பூரித்துப்போனேன்.

கடைசியில் கைப்பிடிக் கம்பிக்கு அடியில், விரல்நுனி அளவுக் காந்த டப்பா. சுருட்டிய தாளில் பெயர் எழுதி, இருந்த இடத்திலேயே வைத்தோம்.

அந்தப் பக்கம் போகிறவர்கள் அந்தத் தமிழ்க் கல்வெட்டைக் கட்டாயம் நின்று படியுங்கள்.