ஓமந்தை வீதியில் ஓட்டம்

சில ஆண்டுகளுக்கு முன்னர், மார்கழி மாதத்து விடியற்பொழுது ஒன்றில், பனி விலகாத ஏ9 வீதியோரமாக நாம் ஓடிக்கொண்டிருந்தோம். அரைக் காற்சட்டை, தேய்ந்துபோன ஒரு சோடிச் சப்பாத்து. பன்றிக்கெய்தகுளத்தை அண்மிக்கும்போது, விறகுக் கட்டை இறக்கிவைத்து இளைப்பாறிக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி எம்மைக் கண்டு திடுக்கிட்டு எழுந்தார்.

"என்ன தம்பி, என்ன நடந்தது? ஆர் துரத்துறாங்கள்?"

"ஒருத்தருமில்லை அம்மா. சும்மாதான் ஓடுறன்."

"சும்மா ஆரும் ஓடுவினமே!" என்று அவர் எமக்குப் பின்னால் வீதியை உற்றுப் பார்த்தார். எவரும் வரவில்லை என்று கண்ட பின்னர்தான் மீண்டும் அமர்ந்தார்.

இந்தக் கேள்வியை நகைச்சுவையாக எடுத்துக்கொள்ள எம்மால் முடியவில்லை. தமிழ் இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியர் நாம். 'ஓடு' என்னும் வினைக்கு அகராதியிற் பல பொருள்கள் உண்டு என்பதை அறிவோம். ஆனால் வன்னி மக்களின் வாயில் அச்சொல்லுக்கு நெடுங்காலம் ஒரே பொருள்தான் இருந்தது. "நாங்கள் ஓடினது" என்றால் இடம்பெயர்ந்தது என்பதே கருத்து. 1997ஆம் ஆண்டு வைகாசியில் 'ஜெயசிக்குறு' படை நடவடிக்கை தொடங்கியபோது ஓமந்தை மக்கள் ஓடினார்கள். அதற்கு முன்னரும் ஓடினார்கள், பின்னரும் ஓடினார்கள். பிள்ளைகளின் வயதைக்கூட எமது தாய்மார் எந்த ஓட்டத்தில் யார் கைக்குழந்தை என்று வைத்தே கணக்கிட்டார்கள்.

ஓட முடியாத ஒரு காலமும் இருந்தது. 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்த உடன்பாட்டின் பின்னர் ஓமந்தை என்ற பெயர் நாடெங்கும் அறியப்பட்டது, ஒரு கிராமமாக அன்று, ஒரு சோதனைச் சாவடியாக. வடக்கே போவோரும் தெற்கே வருவோரும் அங்கே இறங்கி, பொதிகளைத் திறந்து காட்டி, வரிசையில் நகர்ந்து கடந்தார்கள். 2009ஆம் ஆண்டில், பல்கலைக்கழகக் கனவோடிருந்த இளைஞனாக, பல்லாயிரம் மக்களுள் ஒருவராய் நாமும் அவ்விடத்தைக் கடந்தோம். அந்த வரிசையில் எவரும் ஓடவில்லை. ஓடுபவன் சந்தேகத்துக்குரியவன் என்பது குழந்தைக்கும் தெரிந்திருந்தது. தம் உறவுகளை அங்கே கடைசியாகக் கண்டதாகச் சொல்லும் குடும்பங்கள் இன்றும் உள்ளன. வவுனியாவில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017ஆம் ஆண்டு மாசியிலே தொடங்கிய போராட்டத்தில், அவர்கள் ஏந்திய படங்களுள் எம் வகுப்பறைத் தோழர்களின் முகங்களும் இருந்தன.

2011இல் வவுனியாவிலிருந்து ஓமந்தை வரையும் புகையிரதம் மீண்டும் ஓடியது. 2015இல் சோதனைச் சாவடி அகற்றப்பட்டது. வீதி அகலமாகி, தார் மினுங்கிற்று. அந்த வீதியிலேதான் முப்பது வயதைத் தாண்டிய நாம், இரத்த அழுத்தத்துக்காக வைத்தியர் நடக்கச் சொன்னதால் நடந்து, நடை பழகி ஓடத் தொடங்கினோம். ஓட்டம் எமக்கு மருந்தாக வந்து, பின்னர் இன்பமாயிற்று. வெற்றி பெறும் வேகம் எமக்கில்லை. ஆதலால் வெற்றியைப் பெரிதாகக் கருதாத ஓட்டங்களைத் தேடிச் சென்றோம்.

அவ்வகை வேடிக்கை ஓட்டங்கள் உலகெங்கும் உண்டு. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரை 1906ஆம் ஆண்டு நிலநடுக்கமும் தீயும் அழித்தன. சோர்ந்திருந்த நகரத்தாரை ஊக்குவிக்க 1912இல் அங்கே தொடங்கிய வீதியோட்டம், காலப்போக்கில் ஆயிரக்கணக்கானோர் மாறுவேடம் பூண்டு ஓடும் பெருவிழாவாக வளர்ந்தது. பிரான்சின் மெடொக் பகுதியில் 1985 முதல் நடக்கும் மரதனிலே வேடமணிந்தோர் வழிநெடுக வைன் அருந்தியவாறு ஓடுகிறார்கள். 2012இல் அமெரிக்க வணிக நிறுவனமொன்று, வட இந்தியரின் ஹோலிப் பண்டிகையிலிருந்து எண்ணத்தை எடுத்து, ஓடுவோர் மீது சோளமாவாலான வண்ணப்பொடி தூவும் ஐந்து கிலோமீற்றர் ஓட்டத்தைத் தொடங்கிற்று. சில ஆண்டுகளில் அது நாடுநாடாகப் பரவியது. ஏழை எளியவர் தெருவிலே காசின்றி ஆடிய விழா, சீட்டு வாங்கி நுழையும் பண்டமாயிற்று. முதலாளித்துவம் எதனையும் வீணாக்குவதில்லை. மக்களின் சிரிப்பையும் அது பொதி செய்து விற்கும்.

அத்தகைய வண்ண ஓட்டமொன்றின் சாயலில் வவுனியா நகரில் நடந்த நிகழ்ச்சியொன்றுக்கு நாமும் போயிருந்தோம். உண்மையைச் சொன்னால், மிக மகிழ்ந்தோம். ஒவ்வொரு கிலோமீற்றரிலும் ஒரு நிறம். முடிவிலே மயிர்முதல் பாதம்வரை மஞ்சளும் ஊதாவுமாக நின்ற எம்மை எம் மாணவரே அடையாளம் காணவில்லை. வாழ்க்கையிலே முதன்முறையாக, வீதியிலே கூட்டமாக ஓடும் மனிதர்கள் சிரித்துக்கொண்டு ஓடுவதைக் கண்டோம். அந்தக் காட்சி எம் தொண்டையை அடைத்தது.

ஆனால் வீடு திரும்பும் வழியிலே ஒன்று மனத்தை உறுத்தியது. பனியனும் பதக்கமும் உள்ளடங்கிய அந்த நுழைவுக் கட்டணம், எமது கிராமத்துப் பெண்ணொருத்தி வயலிற் பெறும் ஒருநாட் கூலிக்குக் கிட்டியது. எமது பாடசாலையிலே எம்மைவிட இருமடங்கு வேகமாக ஓடக்கூடிய மாணவி ஒருத்தி இருந்தாள். அவளுடைய தாய் அத்தகைய கூலிப்பெண்ணே. மறுநாள் வகுப்பில், "சேர், நேற்று எத்தனையாவது வந்தனீங்கள்?" என்று அவள் கேட்டாள். இடம் கொடுப்பதில்லை, அது வேடிக்கைக்கான ஓட்டம் என்றோம். "அப்ப ஏன் சேர் காசு?" என்றாள். இக்கேள்விக்கு எம்மிடம் விடை இருக்கவில்லை.

1896ஆம் ஆண்டு அதேன்ஸ் நகரில் முதல் ஒலிம்பிக் மரதனை வென்ற ஸ்பிரிடொன் லூயிஸ் தண்ணீர் சுமந்து விற்ற ஏழை. 1960இல் உரோமாபுரியில் வென்ற எதியோப்பியரான அபேபே பிக்கிலா வெறுங்காலுடன் ஓடினார். அவ்வோட்டத்தின் பாதை, முசோலினியின் படைகள் எதியோப்பியாவின் அக்சும் நகரிலிருந்து கொள்ளையிட்டுச் சென்று உரோமாபுரியில் நாட்டிய கற்றூணைக் கடந்து சென்றது. தன் நாட்டை அடிமை கொள்ள வந்தவர்களின் தலைநகரிலே, தன் முன்னோரின் தூணைக் கடந்து, அரண்மனைக் காவற்படைவீரர் ஒருவர் முதலாவதாக ஓடி முடித்தார். அந்தத் தூண் 2005இலேதான் தாயகம் திரும்பியது. வீதி வெறும் தாரும் கல்லும் அன்று. அதன்மீது என்ன நடந்தது என்பதை அறிந்து ஓடுபவனுக்கு ஓட்டமும் ஒரு கூற்றாகிறது.

இவ்வெண்ணங்களோடு எமது ஊர் விளையாட்டுக் கழகத்தாரிடம் சென்றோம். தைப்பொங்கல் விளையாட்டு விழாவில் வழக்கமாகச் சாக்கோட்டம், தேசிக்காய் ஓட்டம், முட்டி உடைத்தல், கயிறிழுத்தல் எல்லாம் உண்டு. அவற்றோடு, கட்டணமில்லாத வினோத உடை வீதியோட்டம் ஒன்றையும் சேர்க்கலாம் என்றோம். "தொழில்" என்பதைப் பொருளாக வைத்தோம். தத்தம் வீட்டுத் தொழிலின் கோலத்தில் ஐந்து கிலோமீற்றர் ஓட வேண்டும். முதற்பரிசு ஒரு வாழைக்குலை. கடைசியாக வருபவருக்கும் ஒரு சீப்பு.

2024ஆம் ஆண்டுத் தையிலே அந்த ஓட்டம் நடந்தது. மண்வெட்டி தோளிலிட்டவர், தலைப்பாகை கட்டி வலை சுமந்தவர், கையில் அகப்பையுடன் ஒருவர், தபாற்காரர் ஒருவர் என்று ஏறத்தாழ அறுபது பேர் திரண்டார்கள். மூக்குக் கண்ணாடியும் பிரம்புமாக எம்மைப் போலவே வேடமிட்டு வந்த குறும்பன் ஒருவனும் இருந்தான். அந்த மாணவி தாயின் அரிவாளை அட்டையில் வெட்டி இடுப்பிற் செருகி வந்தாள். பெண்களுக்கென ஒலிம்பிக்கில் மரதன் ஓட்டம் 1984ஆம் ஆண்டிலேதான் முதன்முதலாக இடம்பெற்றது என்று முதல்நாள் அவளுக்குச் சொல்லியிருந்தோம். "இவ்வளவு நாளும் எங்களை மறந்துபோனவையோ சேர்?" என்று கேட்டாள்.

இனிச் சொல்ல வேண்டியது எமது தவறு.

பத்தாந் தரத்து மாணவன் ஒருவன் தொழிற் கோலம் எதுவுமின்றி வந்தான். தலையிலே துணி மூட்டை. கையிலே கரிபிடித்த பானை. தோளிலே சுருட்டிய பாய். கூட்டம் முதலிற் சிரித்தது. பின்னர் சிரிப்பு அடங்கி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"இது என்ன தொழில் தம்பி?" என்றோம்.

"இடம்பெயர்ந்த ஆக்கள் சேர். அம்மா இந்த ரோட்டாலதான் வந்தவ. அதை ஓடிக் காட்டப்போறன்."

கழகத்தாருள் ஒருவர், இது துயரப்பட்டவர்களைப் பரிகசிப்பதாகும் என்றார். இன்னொருவர், வீண் வில்லங்கம் வரும் என்றார். நாம் இருவர் பக்கமும் தலையாட்டினோம். அவனை அருகழைத்து, மூட்டையை வைத்துவிட்டு ஓடும்படி சொன்னோம். அவன் எதிர்த்துப் பேசவில்லை. ஆசிரியர் சொல்லைத் தட்டாத பிள்ளை. மூட்டையையும் பானையையும் வேப்பமரத்தடியில் வைத்தான்; ஓடினான்.

வழிநெடுக வீட்டு வாசல்களிலே நின்ற பெண்கள் வாளிகளில் நீர் மொண்டு எம்மீது ஊற்றினார்கள். ஒலிபெருக்கி பூட்டிய முச்சக்கரவண்டி முன்னே பாடிச் சென்றது. யாரோ மோர் கொடுத்தார்கள். அந்த மாணவி மூன்றாவதாக வந்தாள், பெண்களுள் முதலாவதாக. நாம் வழக்கம்போலக் கடைசிப் பத்துப் பேருள் ஒருவராய் மூச்சிரைக்க வந்து வேப்பமரத்தடியில் விழுந்தோம்.

அங்கே அந்த மாணவனின் தாய் பானையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். விழா பார்க்க வந்தவர். "நாடகச் சாமானுக்குப் பானை கேட்டவன் எண்டு குடுத்தன் சேர்," என்றார். "அண்டைக்கு நாங்கள் கொண்டுவந்த பானை இதுதான். இவனை வயித்தில வைச்சுக்கொண்டு, இதைக் கையில கொண்டு வந்தனான். எல்லாத்தையும் விட்டிட்டு வந்தும் இதை விடேல்ல."

பரிகாசம் என்று எவர் கருதினாரோ, அவர் இந்தத் தாயைக் கேட்கவில்லை. நாமும் கேட்கவில்லை. யாருடைய துயரத்தை யார் காட்டலாம் என்பதைத் துயரப்பட்டவர்களிடம் கேளாமல் தீர்மானித்தோம். எம் உள்ளத்திலே இருந்தது மரியாதை அன்று, அச்சமே. பல ஆண்டுகள் வரிசையில் நின்று பழகிய அச்சம், சாவடி அகன்ற பின்னரும் எமக்குள் நின்றிருந்தது. அந்த அச்சத்தை ஒழுக்கம் என்ற பெயரிலே அடுத்த தலைமுறையின் தலையில் ஏற்றினோம். ஆசிரியத் தொழிலிலே இதைவிடப் பெரிய பிழை வேறில்லை.

நண்பர்களே, வேடிக்கை ஓட்டம் என்பது பொழுதுபோக்குத்தானே என்று நீங்கள் கேட்கலாம். பசியும் வேலையின்மையும் இருக்கும் நாட்டில் இதைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டுமா என்றும் கேட்கலாம். எமது விடை இதுதான்: உழைக்கும் மக்களுக்குச் சோறு எவ்வளவு உரிமையோ, சிரிப்பும் அவ்வளவு உரிமை. வீதியும் அவர்களுடையதே. அங்கே நுழைவுச் சீட்டு வைப்பவர் அவர்களின் சிரிப்பைப் பறிக்கிறார். என்ன வேடம் போடலாம் என்று வரையறுப்பவர் அவர்களின் நினைவைப் பறிக்கிறார். முதலாமவரைக் கண்டிக்க எமக்கு எளிதாயிருந்தது. இரண்டாமவர் நாமே என்று காண ஒரு கரிப்பானை வேண்டியிருந்தது.

மறு ஆண்டு, 2025 தையிலே, பொருள் எதுவும் அறிவிக்கவில்லை. விரும்பிய கோலத்தில் வரலாம் என்றோம். முதல்நாள் அந்த மாணவனிடம் சென்று, கடந்த ஆண்டு நாம் சொன்னது பிழை என்று வகுப்பின் முன்னிலையிலேயே சொன்னோம். அவன் வெட்கத்தோடு தலைகுனிந்தான். ஆனால் பானையோடு வந்தான். இம்முறை தனியே வரவில்லை. அவனுடைய தாயும் பாயைச் சுருட்டித் தோளில் இட்டுக்கொண்டு உடன் வந்தார். அவர்களால் ஓட முடியவில்லை, நடந்தார்கள். வாசலில் நின்ற பெண்கள் அவர்கள்மீது நீர் ஊற்றவில்லை. செம்பிலே குடிக்கக் கொடுத்தார்கள். சிலர் அழுதார்கள். முடிவிடத்தை அடைந்தபோது ஊர் முழுவதும் கைதட்டிற்று. அந்தத் தாய் சிரித்தார். கடைசியாக வருபவருக்குரிய வாழைச் சீப்பு அவருக்கே கிடைத்தது.

அன்றைய கூட்டத்தில், விறகு சுமக்கும் அந்த மூதாட்டியையும் கண்டோம். எம்மை அடையாளம் கண்டு, "இப்பவும் சும்மாதான் ஓடுறியோ தம்பி?" என்றார். ஓம் என்றோம். அவர் வீதியைத் திரும்பிப் பார்க்கவில்லை. வெற்றிலையை மடித்தபடி, ஓடி வரும் பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.