கேட்டுவிட்டுப் போவோம்

தீபாவளி நெருங்கும்போது நம் நண்பர்கள் வட்டத்தில் ஒரு யோசனை எழும்: "சுங்கை தெமோன் ஓராங் அஸ்லி பிள்ளைகளுக்கு ஏதாவது கொண்டுபோய்க் கொடுப்போமா?" நல்ல மனம்தான். ஆனால் அவர்கள் யார் என்பதை முதலில் தெரிந்துகொள்வோம்.

சுங்கை தெமோனில் வாழும் ஓராங் செலேதார் மக்கள், ஓராங் அஸ்லி எனப்படும் பூர்வகுடிகளில் ஒரு பிரிவினர்; தெப்ராவ் நீரிணையில் தலைமுறை தலைமுறையாகப் படகிலேயே வாழ்ந்தவர்கள். ஜொகூர் பாரு பிறகு வந்த நகரம். கரையோர மேம்பாட்டில் நிலம் பறிபோனபோது 2012இல் வழக்குத் தொடுத்தார்கள். 2017இல் ஜொகூர் பாரு உயர்நீதிமன்றம் அவர்களது மரபு நில உரிமையை ஏற்றது. லிங்கியு அணைக்காகக் காட்டை இழந்த ஜக்குன் என்ற மற்றோர் ஓராங் அஸ்லி பிரிவினர் 1990களிலேயே இந்த நீதிமன்ற வழியைத் திறந்துவைத்திருந்தார்கள். நாட்டின் சட்டத்தையே திருப்பிய மக்களிடம் நாம் இரக்கத்தோடு அல்ல, மரியாதையோடு போக வேண்டும்.

வேலை செய்த தோட்டம் விற்கப்பட்டு வீட்டைக் காலி செய்த வலி தமிழர்களான நமக்கும் தெரியும். அதற்காக "எங்களுக்கும் இப்படித்தான்" என்று அவர்கள் பேச்சை இடைமறிக்க வேண்டாம்.

கிராமத் தலைவரான தோக் பாத்தினிடம் முதலில் அனுமதி கேட்போம். என்ன தேவை என்பதை அவர்களே சொல்லட்டும். வேண்டாமென்றால் அதையும் ஏற்போம். பிள்ளைகளைப் படமெடுத்து முகநூலில் போடாதீர்கள். கண்டல் காட்டையும் கடலையும் பற்றி அவர்கள் பேசினால், மாணவராக உட்கார்ந்து கேளுங்கள்.