பேராண்டியும் பேத்தியும்

சிம்மக்கல்லில் எங்கள் வீட்டு அடுப்படி ஜன்னல் தெருவைப் பார்த்து இருக்கும். யானைக்கல் பக்கம் வாழைத்தார் லாரிகள் வந்து நிற்கும் சத்தத்தில்தான் தினமும் எனக்கு முழிப்புத் தட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் போனில் ஒரு பாட்டைப் போட்டாள்.

"யாருடி பாடுறது?"

"அறிவும்மா. 'எஞ்சாயி எஞ்சாமி' பாடுனவரு. இது அவரோட சொந்த ஆல்பம். 'வள்ளியம்மா பேராண்டி'ன்னு அவங்க பாட்டி பேரையே வச்சிருக்காரு." கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள்: "உன் அப்பத்தா பேரு என்னம்மா?"

கத்தியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தேன். யோசிக்க வேண்டியிருந்ததே, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அறிவை நான் முதலில் கேட்டது 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவில். இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைக்கலைஞர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு அது. 2018 ஜனவரியில் சென்னையில் முதன்முதலாக மேடையேறியது. கானாவும் பறையும் ராப்பும் கலந்த அந்த 19 பேரில் ஒரே ஒரு பெண் இசைவாணி. ஆண்களின் பாட்டு என்று இருந்த கானாவைப் பாடிய அவரை 2020இல் பிபிசி தன் நூறு பெண்கள் பட்டியலில் சேர்த்தது. அந்தக் கூட்டத்தில் ஒரு குரலாக இருந்த அறிவு, 2019இல் 'தெருக்குறள்' கொண்டுவந்தார். 2024இல் 'வள்ளியம்மா பேராண்டி' வந்தது.

வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கூலி வேலை செய்தவர். மலையகத் தமிழர்களின் குடியுரிமையை 1948இல் இலங்கை பறித்தது. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர் என்று மனிதர்களைப் பங்கு பிரித்தார்கள். காடு திருத்தித் தேயிலை நட்டவர்களுக்கு ஒரு பிடி மண் மிஞ்சவில்லை. அந்தக் கதையைப் பாட்டி வாயிலிருந்து கேட்டு வளர்ந்த பேரன்தான் இப்போது பாடுகிறார்.

பேரன் என்ற சொல் பெயரனிலிருந்து வந்தது. தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன் பெயரன். பேத்தி பெயர்த்தி. பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம். பாட்டி பெயரைச் சொல்லி 'நான் இவளுடைய பேரன்' என்று ஓர் ஆண் தன்னை அறிவித்துக்கொள்வது அபூர்வம். அந்தத் தலைப்பு என்னை உலுக்கியது அதனால்தான்.

இந்தப் பெயர் விவகாரம் அவருக்கும் வலித்த ஒன்று. 2021 மார்ச்சில் வந்த 'எஞ்சாயி எஞ்சாமி'யை உலகமே பாடியது. அந்த ஆண்டு ஆகஸ்டில் ஓர் இசைப் பத்திரிகையின் அட்டையில் அவர் முகம் இல்லை. மறு ஆண்டு செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா மேடையில் அந்தப் பாட்டு ஒலித்தது, அங்கும் அவர் இல்லை. பாட்டு உருவானதில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று அவர் ஒரு விதமாகவும், தீயும் சந்தோஷ் நாராயணனும் வேறு விதமாகவும் சொன்னார்கள். அதில் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஏனென்றால் என் கணக்கிலும் இப்படி ஒரு பாட்டு இருக்கிறது.

என் அப்பத்தா சோழவந்தான் பக்கம் நடவுக்குப் போனவள். பெரியாறு வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிட்டால் அவள் குரலும் திறந்துகொள்ளும். முதல் வரியை அவள் எடுப்பாள், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். அந்த மெட்டு அவள் அம்மாவிடமிருந்து வந்ததாம். ஆனால் தண்ணீர் வராத வருஷத்தில் வாய்க்காலை ஏசிப் பாடிய அடிகள் அவளே கட்டியவை. ஊரில் அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. மூத்த மகனின் பெயரைச் சொல்லி 'அவன் ஆத்தா' என்பார்கள். எனக்கு அவள் அப்பத்தா. ரேஷன் கார்டில் மட்டும் பெயர் இருந்தது.

கல்லூரியில் படித்தபோது ஒரு கலைக்குழுவில் பாடினேன். அப்பத்தாவின் பாட்டை நான்தான் குழுவுக்குச் சொல்லிக்கொடுத்தேன். மேடையில் அதற்குப் பெரிய கைதட்டல். பிறகு கேசட் போட்டார்கள். உறையில் 'நாட்டுப்புறப் பாடல்' என்று இருந்தது, தொகுத்தவர் என்று குழுவை நடத்திய அண்ணனின் பெயர் இருந்தது. எனக்குக் கோபம் வரவில்லை. என் குரல் கேசட்டில் வந்த பெருமையில் மிதந்துகொண்டிருந்தேன்.

அந்தக் கேசட்டை ஊருக்குக் கொண்டுபோய் அப்பத்தாவுக்குப் போட்டுக் காட்டினேன். தலையைச் சாய்த்துக் கேட்டாள். "இது யாரு பாட்டு ஆத்தா? நம்ம பாட்டாட்டமே இருக்கு" என்றாள்.

"நாட்டுப்புறப் பாட்டு அப்பத்தா" என்றேன்.

அவளிடமே அப்படிச் சொன்னேன். நாட்டுப்புறம் என்ற சொல் எவ்வளவு வசதியானது என்று அப்போது எனக்குத் தெரியாது. யாரோ ஒருத்தி வெயிலில் குனிந்து நின்று கட்டிய அடி, அந்தச் சொல்லுக்குள் போனதும் யாருடையதும் இல்லை என்றாகிவிடும். பரவை முனியம்மா, கொல்லங்குடி கருப்பாயி போன்ற ஒரு சிலர் ஊர்ப் பெயரையும் சேர்த்துக்கொண்டு வெளியே வந்து நின்றார்கள். அவர்களோடு வயலில் நின்று பாடிய மற்றவர்கள் பெயர் நமக்குத் தெரியாது.

கல்யாணத்துக்குப் பிறகு நான் குழுவில் இல்லை. ராத்திரி நிகழ்ச்சிக்கு எப்படிப் போவது? ஆண் குழுவை விட்டு வந்தால் 'தனியாகப் பாடப் போகிறான்' என்பார்கள். பெண் விட்டு வந்தால் 'கல்யாணமாகிவிட்டது' என்பார்கள்.

தனியாக வந்து பாடிய பெண் என்றால் உலகம் முதலில் சொல்லும் பெயர்களில் ஒன்று லாரின் ஹில். அமெரிக்கக் கறுப்பினப் பாடகி. ஃப்யூஜீஸ் குழுவில் இரண்டு ஆண்களுக்கு நடுவே பாடியவர். 1998இல் தன் பெயரையே தலைப்பில் வைத்துத் தனி ஆல்பம் கொண்டுவந்தார். அதற்காக 1999இல் ஒரே இரவில் 5 கிராமி விருதுகள் வாங்கினார். அதை மகள் சொல்லித்தான் கேட்டேன், பிடித்துப்போனது. ஆனால் அந்த ஆல்பத்தில் வேலை செய்த நான்கு இசைக்கலைஞர்கள், எங்கள் பங்குக்கு உரிய பெயர் போடவில்லை என்று வழக்குப் போட்டார்கள். 2001இல் அது நீதிமன்றத்துக்கு வெளியே முடிந்தது. ஒரு பெண் தன் பெயரை எழுதிக்கொள்ளும் இடத்திலும் வேறு பெயர்கள் விட்டுப்போனதாகப் புகார் எழுகிறது. தனி ஆல்பம் என்பதில் யாருமே தனியாக இல்லை.

எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் அனுமந்தராயன் கோயில் தெரு. எம்.எஸ். சுப்புலட்சுமி வளர்ந்த வீடு அங்கேதான். 'எம்' மதுரை, 'எஸ்' சண்முகவடிவு. வீணை வாசித்த அம்மாவின் பெயர். அவர் பிறந்த இசைவேளாளர் வீட்டில் தாய்வழிதான் வழி. அந்த வழியை ஊர் எப்படிப் பேசியது என்பதும் நமக்குத் தெரியும். ஆனாலும் எத்தனை மேடை ஏறினாலும் அந்த ஓர் எழுத்து மகளோடு கூடவே போனது. என் பெயருக்கு முன்னால் இருக்கும் எழுத்து அப்பாவுடையது. அப்பத்தாவுக்கு என் பெயரில் ஒரு புள்ளிகூட இல்லை.

அன்றைக்கு மகளிடம் அப்பத்தா பெயரைச் சொன்னேன். குலசாமியின் பெயர்தான், அந்தப் பக்கத்தில் பாதிப் பெண்களுக்கு இருந்த பெயர். "பாட்டு ஞாபகம் இருக்காம்மா?" என்றாள். வெங்காயக் கையைத் துடைத்துக்கொண்டு பாடினேன். முதல் இரண்டு அடி தடையில்லாமல் வந்தது. வாய்க்காலை ஏசும் இடத்தில் ஓர் அடி மறந்துபோயிருந்தது. அதை எனக்குச் சொல்லித்தர இப்போது யாரும் இல்லை.

மகள் போனில் பதிவு செய்து முடித்துவிட்டு, "என்ன பேருல சேவ் பண்ண?" என்று கேட்டாள்.

அப்பத்தா பெயரை எழுத்துக் கூட்டிச் சொன்னேன். பக்கத்தில் 'பேத்தி' என்று சேர்க்கச் சொன்னேன். அந்தப் பெயரை இங்கே அச்சில் எழுதவில்லை. முதலில் ஒரு மேடையில், பாட்டை எடுப்பதற்கு முன்னால், என் வாயால் அதைச் சொல்ல வேண்டும்.