சன்ஸ்கிரீன் வெள்ளையாவதற்கு அல்ல!

சன்ஸ்கிரீன் என்று பேச்செடுத்தால் நம் வீடுகளில் இரண்டே பதில்தான் வருகிறது. "அதெல்லாம் சினிமாக்காரங்க சமாச்சாரம், நமக்கெதுக்கு?" என்பார்கள் பெரியவர்கள். "அதைப் பூசினா கலர் வருமா?" என்று கேட்பாள் காலேஜ் போகிற பெண். இந்த இரண்டுக்கும் நடுவில் சிக்கிக்கொண்டு, அந்தக் கிரீமின் உண்மையான உபயோகம் நமக்குத் தெரியாமலே போய்விடுகிறது.

என் தங்கைக்கு நடந்ததைச் சொல்கிறேன். இரண்டாவது குழந்தை பிறந்த சமயம் அவளுக்கு இரண்டு கன்னத்திலும் மூக்கின் மேலும் பழுப்பாக மங்கு படர்ந்தது. "மங்கு சனி பிடிச்சிருக்கு, எள்ளு தீபம் போடு" என்றார் அவள் மாமியார். விளக்கும் போட்டாள். மங்கு போகவில்லை. அதற்குப் பிறகு கல்யாணம், வளைகாப்பு என்று எதற்குக் கூப்பிட்டாலும், "நான் வரலைக்கா. யாரும் என்னைப் பார்க்கறதில்லே, என் கன்னத்தைத்தான் பார்க்கறாங்க" என்பாள். கேட்கவே மனசு சங்கடப்படும்.

யாரோ சொன்னார்கள் என்று மருந்துக் கடையில் ஒரு கிரீம் வாங்கிப் பூசினாள். பதினைந்தே நாளில் முகம் பளிச்சென்று ஆகிவிட்டது. வீடே சந்தோஷப்பட்டது. மூன்று மாதம் கழித்து, மொட்டை மாடியில் துணி உலர்த்தப் போனாலே முகம் தீயாக எரிய ஆரம்பித்தது. கிரீமை நிறுத்தினால் சிவந்து, பொரிப் பொரியாகக் கிளம்பியது. மேலுதட்டில் பூனை முடி வேறு!

தோல் டாக்டரம்மா அந்த ட்யூபைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதிலே ஸ்டீராய்டு இருக்கும்மா. தோலை மெலிசாக்கிடும். பூசற வரைக்கும் பளபளப்பு, விட்டா வேதனை" என்றார். இப்படிப்பட்ட ஸ்டீராய்டு கிரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018இல் ஆணை போட்டிருக்கிறது. ஆகவே சீட்டில்லாமல் யார் நீட்டினாலும் வாங்காதீர்கள்.

அந்த எரிச்சலை ஆற்றவே பல மாதம் பிடித்தது. அதன் பிறகுதான் மங்குக்கு வைத்தியம். டாக்டரம்மா முதலில் எழுதியது மருந்து அல்ல, சன்ஸ்கிரீன். தங்கைக்கு ஒரே ஆச்சரியம். "டாக்டர், நான் வெயில்லே போறதே இல்லையே!" என்றாள்.

"உங்க சமையலறை ஜன்னல் எந்தப் பக்கம்மா?"

"கிழக்கே பார்த்து."

"அது போதுமே! வெயிலைத் தடுக்காம மங்குக்கு மருந்து போடறது ஓட்டைக் குடத்திலே தண்ணி ஊத்தற கதைதான்."

அன்றிலிருந்து இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படித்தேன். நமக்கு வேண்டியதை மட்டும் சொல்கிறேன்.

வெயிலில் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்கள் இரண்டு விதமாக நம்மை வந்தடைகின்றன. யு.வி.பி. என்பது தோலைச் சுடுவது. ஜன்னல் கண்ணாடி அதைப் பெரும்பாலும் தடுத்துவிடும். யு.வி.ஏ. ஆழமாக இறங்கித் தோலைக் கறுக்க வைக்கும், சுருங்க வைக்கும். அது கண்ணாடியைத் தாண்டியே உள்ளே வந்துவிடும். சன்ஸ்கிரீன் ட்யூபில் எஸ்.பி.எஃப். என்று ஓர் எண் இருக்கிறதல்லவா? ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஃபிரான்ஸ் கிரைட்டர் 1970களில் பரப்பிய கணக்கு அது. அது முக்கியமாக யு.வி.பி.யைத்தான் அளக்கிறது. 30 என்றால் சுமார் 97 சதவீதம் தடுக்கும், 50 என்றால் 98 சதவீதம். வித்தியாசம் அவ்வளவுதான்! யு.வி.ஏ. பாதுகாப்புக்கு, பி.ஏ. என்ற எழுத்துக்குப் பக்கத்தில் எத்தனை '+' குறி என்று பாருங்கள். மூன்றோ நான்கோ இருந்தால் நல்லது.

இதிலே சுவாரசியம் என்னவென்றால், பழைய கிரிக்கெட் வீரர்கள் மூக்கிலும் உதட்டிலும் வெள்ளையாக அப்பிக்கொண்டு நிற்பார்களே, அது துத்தநாக ஆக்ஸைடு. நல்ல காவல்தான், ஆனால் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி முகத்தை யார் வெளியே காட்டுவது? நம் மாநிற முகத்தில் இன்னும் மோசமாகச் சாம்பல் பூத்தாற்போல் தெரியும். 1990களில் அந்தத் தூளை மிக மிக நைசாக்கி, பூசினால் தெரியாதபடி செய்தார்கள். எல்லோருக்கும் சந்தோஷம்.

ஆனால் 2010இல் ஓர் ஆய்வு வெளியானது. கண்ணுக்குத் தெரிகிற சாதாரண வெளிச்சமே மாநிறத் தோலையும் கறுத்த தோலையும் மேலும் கறுக்க வைக்கிறது, வெள்ளைத் தோலை அப்படிச் செய்வதில்லை என்று தெரியவந்தது. கண்ணுக்குத் தெரியாத கிரீமோ, கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தை அவ்வளவாகத் தடுக்காது! அதனால்தான் இப்போது மங்கு உள்ளவர்களுக்கு இரும்பு ஆக்ஸைடு கலந்த, மாநிறச் சாயல் உள்ள சன்ஸ்கிரீனை எழுதித் தருகிறார்கள். நம் வீட்டுக் காலமைன் லோஷனுக்கு அந்த ரோஸ் நிறம் கொடுப்பதும் இதே இரும்பு ஆக்ஸைடுதான். அதற்காகக் காலமைனைப் பூசிக்கொண்டு வெயிலில் கிளம்பிவிடாதீர்கள், அது அரிப்புக்கான மருந்து.

ரசாயன வகையிலும் முன்னேற்றம் உண்டு. யு.வி.ஏ.யைத் தடுக்கும் அவோபென்ஸோன் வெயில் பட்டால் தானே சிதையும் சுபாவம் கொண்டது. பின்னால் வந்த பெமோட்ரிஸினால் வெயிலிலும் நிலைத்து நிற்கிறது, தோலுக்குள்ளும் அதிகம் இறங்குவதில்லை. பழைய ரசாயனங்கள் சில ரத்தத்தில் சேருவதாக 2019இல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. அதனால் கெடுதல் என்று அது சொல்லவில்லை, சன்ஸ்கிரீனை நிறுத்தவும் சொல்லவில்லை. ஆனாலும் கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் துத்தநாக வகையைக் கேட்டு வாங்கினால் மனசுக்கு நிம்மதி.

கர்ப்பிணிகள் இதைக் கவனிக்க வேண்டும். 2007இல் வெளியான மொராக்கோ நாட்டு ஆய்வில், கர்ப்பகாலம் முழுவதும் ஒழுங்காக சன்ஸ்கிரீன் பூசிய 185 பேரில் புதிதாக மங்கு வந்தது 5 பேருக்குத்தான். வந்த பிறகு அழுவதைவிட வராமல் பார்ப்பது எவ்வளவு சுலபம்!

பூசும் முறையிலும் ஒரு கணக்கு இருக்கிறது. பொட்டு வைப்பது போல் தொட்டுத் தொட்டு வைத்தால் பிரயோசனமில்லை. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக இருக்கும். கிளம்புவதற்குக் கால் மணி முன்னால் பூசுங்கள். வெளியிலேயே இருந்தால் இரண்டு மணிக்கொரு தரம் மறுபடி பூச வேண்டும். மஞ்சளும் சந்தனமும் வாசனைக்கு நல்லது, வெயிலைத் தடுக்காது.

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு எந்தச் சன்ஸ்கிரீனும் வேண்டாம். நிழலும் மெல்லிய பருத்தித் துணியும் போதும்.

கிரீம் வாங்க முடியாதவர்கள் மனம் தளர வேண்டாம். வயலில் களை எடுக்கும் பெண்களைப் பாருங்கள். சேலைக்கு மேல் வீட்டுக்காரரின் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு! அதைவிடச் சிறந்த சன்ஸ்கிரீன் எந்தக் கடையில் கிடைக்கும்? கறுப்புக் குடையும் அப்படித்தான். கிரீம் பூசுகிறவர்களுக்கும் இவை இரண்டும் அவசியம்.

என் தங்கைக்கு மங்கு முழுக்கப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். முக்கால்வாசி மங்கிவிட்டது. சித்திரை வெயிலில் லேசாகத் தலைகாட்டும். ஆனால் போன தை மாதக் கல்யாணத்தில் அவள்தான் முன்வரிசையில் நின்று ஆரத்தி எடுத்தாள்.

காலேஜ் பெண்ணின் கேள்விக்கு இன்னும் பதில் பாக்கி இருக்கிறது. கலர் வராதம்மா. வரவும் வேண்டாம். நம் கறுப்பும் மாநிறமும் இந்த வெயிலுக்கென்றே இயற்கை பிடித்துக் கொடுத்த குடை. அந்தக் குடைக்கு மேல் இன்னொரு குடைதான் சன்ஸ்கிரீன். இதை நம் பெண்களுக்கு நாமே சொல்லி வைத்தால், 'பதினைந்து நாளில் பளிச்' என்கிற ட்யூப் எதையும் அவர்கள் தேடிப் போக மாட்டார்கள்.