பதிமூன்றாவது பந்து

கோவையில் ஒரு நூற்பாலையின் கணக்குப் பிரிவில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவன் நான். எந்தச் செய்தியைப் படித்தாலும் அதிலுள்ள தொகைதான் முதலில் கண்ணில் படும். பேஸ்பால் விளையாட்டும் எனக்கு அப்படி ஒரு தொகை வழியாகத்தான் அறிமுகமானது.

2011 ஏப்ரலில் நானும் வீட்டம்மாவும் முதல் முறையாக மகள் வீட்டுக்குப் போனோம். வாஷிங்டன் நகரத்துக்கு வெளியே, வர்ஜீனியாவில் வீடு. பகலில் இருவரும் வேலைக்குப் போய்விடுவார்கள். தெருவில் மனித நடமாட்டமே இருக்காது. பிள்ளைகள் வீட்டுக்குப் போய்வந்தவர்களுக்கு அந்தப் பகல்களைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மாலையில் மாப்பிள்ளை வந்ததும் டிவியில் வாஷிங்டன் நேஷனல்ஸ் ஆட்டத்தைப் போடுவார். ஒரு அணிக்கு வருடத்தில் 162 ஆட்டம். அதனால் அநேகமாகத் தினமும் ஏதாவது இருக்கும். பேச்சுத் துணைக்காக நானும் பக்கத்தில் உட்கார ஆரம்பித்தேன்.

அந்த அணியில் 28ஆம் எண் சட்டை போட்ட ஒருவர் இருந்தார். பெயர் ஜேசன் வெர்த். ஆறடி ஐந்தங்குல உயரம், தாடி. அவுட்ஃபீல்டர். நம் கிரிக்கெட்டில் எல்லைக்கோட்டுப் பக்கம் நிற்பவர்களைப் போல, தூரத்தில் நின்று பந்து பிடிப்பவர். மட்டை பிடிக்க வரும்போதெல்லாம் அவுட் ஆகித் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்.

"இவருக்கு எவ்வளவு சம்பளம், மாப்பிள்ளை?"

"ஏழு வருஷத்துக்கு 126 மில்லியன் டாலருங்க மாமா."

அப்போது டாலர் சுமார் 45 ரூபாய். மனதுக்குள்ளேயே பெருக்கிப் பார்த்தேன். 560 கோடிக்கு மேல் வந்தது. "இது தேறாத கணக்கு" என்று சொல்லிவிட்டேன்.

பிறகு மாப்பிள்ளை கொஞ்சம் கொஞ்சமாக அணியின் கதையைச் சொன்னார். வாஷிங்டனில் இருந்த பழைய அணி 1971இல் டெக்சாஸுக்குப் போய்விட்டது. அதன் பிறகு முப்பது வருடத்துக்கு மேல் அந்தத் தலைநகரத்தில் பேஸ்பால் அணியே கிடையாது. கனடாவின் மான்ட்ரியாலில் இருந்த அணியை 2005இல் இங்கே கொண்டுவந்தார்கள். வந்த அணி தோற்றுக்கொண்டே இருந்தது. 2008இல் 102 தோல்வி, 2009இல் 103 தோல்வி.

கடைசி இடத்தில் வரும் அணிக்கு அப்போது அங்கே ஒரு சலுகை இருந்தது. புதிதாக வரும் இளைஞர்களில் முதல் ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அதற்குத்தான் கிடைத்தது. அப்படி 2009இல் ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க் என்ற பந்துவீச்சாளர் கிடைத்தார். 2010இல் பிரைஸ் ஹார்ப்பர் என்ற பதினேழு வயதுப் பையன் கிடைத்தான். இடிந்த வீட்டை அஸ்திவாரத்திலிருந்து கட்டுவது போல, சம்பளம் குறைந்த இளைஞர்களை வைத்து அணியை மறுபடி கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில், 2010 டிசம்பரில், பொது மேலாளர் மைக் ரிசோ 31 வயது வெர்த்தை இவ்வளவு பணம் கொடுத்துக் கூட்டிவந்தார். ஒப்பந்தம் முடியும்போது அவருக்கு 38 வயதாகியிருக்கும். தோற்கிற அணிக்கு இது எதற்கு என்று நாடு முழுக்கக் கேலி பேசினார்களாம். என் கேள்வியும் அதுதான்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பெரிய லீகில் ஆறு வருடம் ஆடி முடித்து, ஒப்பந்தமும் முடிந்த ஆட்டக்காரர் தன் விருப்பப்படி எந்த அணிக்கும் போகலாம். அவரை ஃப்ரீ ஏஜென்ட் என்கிறார்கள். ஒரு காலத்தில் அந்தச் சுதந்திரம் இல்லை. முதலாளி விற்றால் விற்ற இடத்துக்குப் போக வேண்டும். கர்ட் ஃபிளட் என்ற இன்னொரு அவுட்ஃபீல்டர் 1969இல் "போக மாட்டேன்" என்று மறுத்து, வழக்குப் போட்டு, உச்ச நீதிமன்றம் வரை சென்று 1972இல் தோற்றார். மற்ற ஆட்டக்காரர்களுக்கு 1975இல் வேறொரு தீர்ப்பில் அந்த உரிமை கிடைத்தது. வெர்த் வாங்கிய பணத்துக்குப் பின்னால் இப்படி ஒருவர் தோற்ற கதையும் இருக்கிறது.

வெர்த்துக்கும் எல்லாம் எளிதாகக் கிடைத்துவிடவில்லை. மணிக்கட்டில் பந்து பட்டு, அந்தக் காயத்தால் 2006ஆம் வருடம் முழுவதும் ஆட முடியாமல் போனவர். ஃபிலடெல்ஃபியா அணி அவரைக் குறைந்த சம்பளத்தில் எடுத்துக்கொண்டது. அங்கே தேறி, 2008இல் வேர்ல்ட் சீரிஸ் வென்ற அணியில் இருந்தார்.

இவ்வளவு கேட்டும் என் கணக்குப் புத்தி அடங்கவில்லை. "இந்தப் பணத்துக்குப் பத்து இளைஞர்களை எடுக்கலாமே?" என்றேன்.

"எடுக்கலாமுங்க மாமா. அந்தப் பத்துப் பேருக்கும் யாருங்க சொல்லிக் கொடுப்பாங்க?" என்றார், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே.

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

1996 என்று நினைவு. எங்கள் ஆலை ஒன்றரை வருடம் மூடிக்கிடந்து, புது நிர்வாகத்தில் திறந்த சமயம். பழைய ஃபிட்டர்கள் பலர் வேறு இடம் தேடிப் போயிருந்தார்கள். ஐடிஐ முடித்த பையன்களை எடுத்துக்கொண்டிருந்தோம். அப்போது பக்கத்து ஆலையிலிருந்து விருப்ப ஓய்வில் வந்த ஒரு மேஸ்திரியைச் சேர்க்க மேலாளர் நினைத்தார். வயது ஐம்பத்தாறு. ரிங் ஃபிரேம் ஓடும் சத்தத்தை வைத்தே எங்கே கோளாறு என்று சொல்லக்கூடியவர் என்று பெயர். எங்கள் ஃபிட்டர் வாங்குவதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் சம்பளம் கேட்டார்.

கோப்பு என் மேசைக்கு வந்தது. "இத்தொகையில் மூன்று இளைஞர்களை நியமிக்கலாம். வயதையும் கருத்தில் கொள்ள வேண்டும்" என்று குறிப்பு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேலாளர் ஒப்புக்கொண்டார்.

காலையிலிருந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவரிடம் நான்தான் போய்ச் சொன்னேன். "சரிங்க சார். கணக்கு அப்படி வந்தா என்னங்க பண்றது" என்றார். வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு சைக்கிளில் ஏறிப் போனார்.

மூன்று பையன்கள் வந்தார்கள். நல்ல பையன்கள்தான். ஆனால் மிஷின் நின்றால் கையேட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஒன்றரை வருடத்தில் இரண்டு பேர் வேறு ஆலைக்குப் போய்விட்டார்கள். சம்பளத்தில் மிச்சமானது என் பேரேட்டில் அழகாகத் தெரிந்தது. மிஷின் நின்ற நேரம் உற்பத்திப் பிரிவின் ஏட்டில் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்து நான் பார்க்கவே இல்லை.

ஜூலையில் மாப்பிள்ளை எங்களை மைதானத்துக்கே கூட்டிப்போனார். அனகோஸ்டியா ஆற்றங்கரையில் இருக்கிறது. ஆட்டத்தின் நடுவே பழைய ஜனாதிபதிகளைப் போல் பெரிய தலை மாட்டிக்கொண்டு ஆட்கள் ஓட்டப்பந்தயம் ஓடினார்கள். வீட்டம்மாவுக்கு அது மட்டும் பிடித்தது. வெர்த் அவுட் ஆனபோது சொந்த ஊர்க்காரர்களே 'பூ' என்று சத்தம் போட்டார்கள். பழையபடி இருந்திருந்தால் நானும் சேர்ந்திருப்பேன். அன்று வாய் வரவில்லை. அந்த வருடம் அவர் சராசரி .232. நூறு முறை அடிக்கப் போய் இருபத்து மூன்று முறைதான் அடி விழுந்திருக்கிறது என்று அர்த்தம். அணி 80 வென்று 81 தோற்றது.

பேரன் பிறந்ததைப் பார்க்க 2012 செப்டம்பரில் மறுபடி போனோம். அதற்குள் நிறைய நடந்திருந்தது. மே மாதம் தன் பழைய அணிக்கு எதிரான ஆட்டத்தில் பாய்ந்து பந்து பிடிக்கப் போய், வெர்த்துக்கு மறுபடி மணிக்கட்டு முறிந்தது. வலியோடு வெளியே போனவரை ஃபிலடெல்ஃபியா ரசிகர்கள் சிலர் ஏசினார்களாம். ஆகஸ்டில் திரும்பி வந்து நன்றாக ஆடினார். அவருக்குப் பக்கத்தில் பந்து பிடித்துக்கொண்டிருந்தவன் அந்த ஹார்ப்பர். அப்போது பத்தொன்பது வயது. அணி 98 ஆட்டம் வென்று தன் பிரிவில் முதலிடம். வாஷிங்டன் இப்படி இறுதிக்கட்டப் போட்டிக்கு வந்தது 1933க்குப் பிறகு அப்போதுதான்.

அக்டோபர் 11. செயின்ட் லூயிஸ் அணியோடு நான்காவது ஆட்டம். தோற்றால் அந்த வருடம் முடிந்தது. ஒன்பதாவது இன்னிங்ஸ், 1-1 என்று சமம். வெர்த் மட்டையோடு வந்தார். பந்து வீசியவர் லான்ஸ் லின். பந்துக்கு மேல் பந்து. அடிக்க முடியாததைத் தொட்டுத் தொட்டு வெளியே தள்ளிக்கொண்டிருந்தார். இரண்டு ஸ்ட்ரைக் ஆனபின் அப்படி ஃபவுல் போனால் அவுட் கிடையாது. நான் மடியில் பேரனை வைத்துக்கொண்டு எண்ணிக்கொண்டிருந்தேன். பத்து, பதினொன்று, பன்னிரண்டு. பதிமூன்றாவது பந்து இடது பக்கச் சுவரைத் தாண்டிப் போய் விழுந்தது. ஆட்டம் முடிந்தது. மாப்பிள்ளை போட்ட கூச்சலில் குழந்தை விழித்து அழுதது.

அவசரப்படாமல் நிற்பதற்குத்தான் அந்தச் சம்பளம் என்று அன்று எனக்குப் பட்டது. இருபது வயதில் அது எத்தனை பேருக்கு வரும்?

கதை அங்கேயே சுபமாக முடியவில்லை. மறுநாள் 6-0 என்று முன்னால் இருந்தும் 9-7இல் தோற்று வெளியேறினார்கள். வெர்த் இருந்த ஏழு வருடத்தில் அணி நான்கு முறை பிரிவில் முதலிடம் பிடித்தது. ஒருமுறைகூட அடுத்த சுற்றைத் தாண்டவில்லை. 2019இல் வேர்ல்ட் சீரிஸ் வென்றபோது அவர் ஓய்வு பெற்று ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. 126 மில்லியன் லாபமா நஷ்டமா என்று இன்றும் வாதம் செய்பவர்கள் உண்டு. நான் எந்தப் பக்கமும் பேசுவதில்லை.

ஊர் திரும்பிய பின், 2013இல் ஒரு கல்யாணத்தில் எங்கள் ஆலையை விட்டுப்போன அந்தப் பையன்களில் ஒருவரைப் பார்த்தேன். சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறார். "எங்கப்பா தொழில் கத்துக்கிட்டே?" என்று கேட்டேன். அவர் சொன்ன பெயர் அந்த மேஸ்திரியின் பெயர். நாங்கள் வேண்டாம் என்ற மனிதரை வேறொரு ஆலை சேர்த்துக்கொண்டிருக்கிறது. எங்கள் பையன்கள் அங்கேதான் போயிருக்கிறார்கள்.

அவரோடு போய் மேஸ்திரியைப் பார்த்தேன். எழுபத்து மூன்று வயது; காது கொஞ்சம் மந்தம். மிஷின் சத்தத்தைக் கேட்டே கோளாறு சொன்ன காது. நான் எழுதிய குறிப்பைப் பற்றி முழுவதும் சொல்லி, தப்புப் பண்ணிவிட்டேன் என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "உங்க மில்லுக்கு வேலை கேட்டு வந்தேனுங்களா? நெனப்பே இல்லீங்க சார்" என்றார். பிறகு உள்ளே பார்த்து, "சாருக்கு டீ கொண்டாம்மா" என்றார்.