அப்பாவின் மெடலும் ஒரு இன்லேண்ட் லெட்டரும்

ரெண்டு வாரமாக ஆபீசில் ஆணி அதிகம், இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியவில்லை. போன தடவை நியூஜெர்சி குளிரைப் பற்றிப் புலம்பியதோடு விட்டிருந்தேன். இன்றைக்குப் புலம்பல் இல்லை, அப்பாவைப் பற்றி எழுதப் போகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறை. பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. பள்ளிக்கூடத்தில் தமிழ் மீடியம், ரேஷன் கார்டு மலையாளத்தில், சந்தைக்கும் சினிமாவுக்கும் பொள்ளாச்சி. இது அம்மாவின் ஊர். அப்பா பிறந்தது அந்தப் பக்கம், தேவிகுளம் மலையில் ஒரு தேயிலை எஸ்டேட் லயத்தில். போடிமெட்டு வழியாக மலையேறிப் போன குடும்பம். சீனச் சண்டை முடிந்து பட்டாளத்துக்கு மும்முரமாக ஆள் எடுத்துக்கொண்டிருந்த 1963இல், 18 வயதில் சேர்ந்தார். டிரைவர் வேலை. 15 வருடம் முடித்து 1978இல் வெளியே வந்து, கல்யாணம் ஆகி கொழிஞ்சாம்பாறையிலேயே தங்கிவிட்டார்.

வீட்டு அலமாரியில் அவருடைய மெடல் ரெண்டு உண்டு. ஒன்று 9 வருடச் சேவைக்கு. இன்னொன்று சுதந்திர வெள்ளி விழாவுக்காக, 1972 ஆகஸ்ட் 15 அன்று பணியில் இருந்தவர்களுக்குக் கொடுத்தது. சின்ன வயதில் அதைச் சட்டையில் குத்திக்கொண்டு திருடன் போலீஸ் விளையாடி அடி வாங்கியிருக்கிறேன் :-) மற்றபடி அப்பா மெடலைப் பற்றிப் பேசி நான் கேட்டதே கிடையாது.

2021 டிசம்பரில், 71 போரின் ஐம்பதாவது ஆண்டுக்காக முன்னாள் ராணுவத்தினருக்கு ஒரு விழா. அப்பாவும் போயிருந்தார். பக்கத்தில் இருந்தவர் இவர் மார்பைப் பார்த்துவிட்டு, "ஸ்டார் இல்லையே, அப்ப நீங்க 71ல போகலியா?" என்று கேட்டிருக்கிறார். அன்று ராத்திரி போன் வந்தது.

"தம்பி, நீ கம்ப்யூட்டர்ல என்னென்னமோ பண்ணுறியே. என் ரெக்கார்டைக் கொஞ்சம் சரி பண்ணித் தர முடியுமா?"

நான் வேலைக்குப் போய் இருபது வருடத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் உதவி இதுதான். பொட்டி தட்டுகிறவன் புத்தி என்ன சொல்லும்? ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது, சேர்த்துவிட்டால் முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

71 போரில் கிழக்கு முனையில் இருந்தவர்களுக்குப் பூர்வி ஸ்டார், மேற்கு முனையில் இருந்தவர்களுக்குப் பச்சிமி ஸ்டார். இது தவிர சங்கிராம் மெடல் என்று ஒன்றும் உண்டு. அப்பாவின் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் மூன்றுமே இல்லை. அவருடைய யூனிட் போரின்போது மத்திய இந்தியாவில் ஒரு கண்டோன்மெண்டில் இருந்தது. ஆனால் அவரையும் வேறு சில டிரைவர்களையும் 71 அக்டோபரிலேயே லாரியோடு திரிபுராவுக்கு அனுப்பி, வேறொரு யூனிட்டோடு சேர்த்துவிட்டார்கள்.

"தர்மநகர் வரைக்கும் ரயில். அதுக்கப்புறம் அகர்தலா வரைக்கும் மலை ரோடு. நம்ம போடிமெட்டு வளைவு மாதிரிதான், ஆனா ராத்திரியில லைட்டு போடக் கூடாது" என்பார். டிசம்பர் 3ஆம் தேதி போர் தொடங்கியது. லெப்டினன்ட் ஜெனரல் சகத் சிங்கின் நாலாவது கோர் திரிபுராவிலிருந்துதான் உள்ளே போனது. டிசம்பர் 9 அன்று பாகிஸ்தான் படை மேக்னா ஆற்றில் ஆசுகஞ்ச் பாலத்தை வெடி வைத்துத் தகர்த்ததும், ஹெலிகாப்டரில் ஆட்களை அக்கரையில் இறக்கினார்கள். 16ஆம் தேதி டாக்கா சரண். இதெல்லாம் நான் புத்தகத்தில் படித்தது. அப்பா சொல்வது ஒரே வரி: "பாலம் ஆத்துக்குள்ள கிடந்துச்சு, நாங்க இக்கரையிலே லாரியோட நின்னோம்."

பட்டாளத்தில் ஒருவர் லீவில் போனாலும், வேறு யூனிட்டுக்குப் போனாலும், கல்யாணம் செய்தாலும் பார்ட் டூ ஆர்டர் என்ற ஒன்றில் வெளியாக வேண்டும். அதைப் பார்த்துத்தான் ரெக்கார்ட் ஆபீசில் அவருடைய ஷீட் ரோலில் ஏற்றுவார்கள். ஏற்றவில்லையென்றால், காகிதத்தைப் பொறுத்தவரை அவர் அங்கே போகவே இல்லை.

சரி, ஒரு மனு போடலாம் என்று உட்கார்ந்தால், முதல் முட்டுக்கட்டை அப்பாவின் பெயர். அதில் ஒரு 'ழ' இருக்கிறது. பட்டாளத்தில் அதற்கு ஆங்கிலத்தில் எல் போட்டார்கள். கேரளத்து ரேஷன் கார்டிலும் ஆதாரிலும் இசட்டும் ஹெச்சும். ஒரு 'ழ'வுக்காக, ரெண்டும் ஒரே ஆள்தான் என்று முத்திரைத்தாளில் சத்தியம் செய்ய வேண்டியதாயிற்று.

அடுத்தது மாவட்டம். பட்டாள ரெக்கார்டில் சொந்த மாவட்டம் கோட்டயம் என்று இருக்கிறது. ஓர் அலுவலகத்தில், "தேவிகுளம் இடுக்கியில்தானே இருக்கிறது, இது தப்பாச்சே" என்று மனுவைத் திருப்பிவிட்டார்கள். தப்பே இல்லை. இடுக்கி மாவட்டம் பிறந்ததே 1972 ஜனவரி 26இல்தான். அதற்கு முன் தேவிகுளம் தாலுகா கோட்டயத்தில் இருந்தது. அப்பா பட்டாளத்தில் சேர்ந்து எட்டு வருடம் கழித்து உண்டான மாவட்டத்தை 1963இல் எந்த கிளார்க் எழுத முடியும்? அந்த மாவட்டப் பிரிப்பு அறிவிப்பையும் சேர்த்து மறுபடி அனுப்பினோம்.

பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர் வைத்து ஆர்டிஐயும் போட்டோம். பதில் வந்தது: 'அப்படி ஒரு பணி பதிவேட்டில் காணப்படவில்லை.' அப்பாவிடம் போனில் படித்துக் காட்டினேன். "சரி விடு" என்று வைத்துவிட்டார்.

எங்கள் எதிர்வீட்டு அமெரிக்கரிடம் இதைச் சொன்னேன். அவர் தன் அப்பாவின் கதையைச் சொன்னார். அவர் கொரியா போருக்குப் போனவராம். 1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸ் ராணுவ ஆவணக் காப்பகத்தில் தீப்பிடித்து, ஒரு கோடியே அறுபது லட்சத்திலிருந்து எண்பது லட்சம் கோப்புகள் வரை அழிந்தன. நகலும் கிடையாது. அதில் போனவர்களுக்குச் சம்பளச் சீட்டு, யூனிட்டின் தினசரி ரிப்போர்ட் என்று வேறு இடங்களில் கிடப்பதைப் பொறுக்கித்தான் கோப்பைத் திரும்பக் கட்டுகிறார்கள். "கோப்பு இல்லை என்றால் ஆள் இல்லை என்று அர்த்தமில்லை. அவர் வேறு எங்கே காகிதம் விட்டுவைத்தார் என்று பார்" என்றார்.

அப்பா வேறு எங்கே காகிதம் விட்டிருப்பார்? வீட்டுக்குக் கடிதம் எழுதியிருப்பாரே!

2022 டிசம்பர் லீவில் ஊருக்குப் போனபோது, அத்தை வீட்டுக்குப் போகலாம் என்றேன். அப்பா முகம் மாறியது. இடுக்கிப் பக்கம் நாங்கள் அதிகம் போனதில்லை. அத்தை, அப்பாவின் கல்யாணத்துக்கே வரவில்லை. ஏதோ பங்காளித் தகராறு என்றுதான் நான் நினைத்திருந்தேன். பொள்ளாச்சி, உடுமலை தாண்டிச் சின்னாறு செக்போஸ்டில் கேரளத்துக்குள் திரும்ப நுழைந்து, மறையூர் சந்தனக்காடு வழியாக மூணாறு ஏறும்போது, அப்பாவே சொன்னார்.

71 டிசம்பரில், அவர் அகர்தலாவில் இருந்தபோது, தாத்தா இறந்துவிட்டார். எஸ்டேட்டிலிருந்து கொடுத்த தந்தி அவருடைய பழைய கண்டோன்மெண்டுக்குப் போய் அங்கேயே மேசையில் கிடந்தது. இவருக்கு விஷயம் தெரிந்தது ஜனவரியில். பிப்ரவரியில் வந்து நின்றபோது, "தந்தி வந்து சேர்ந்துச்சுன்னு ஆபீஸ்ல சொன்னாங்க, பெத்த ஐயா சாவுக்கு வராம அங்க என்னடா பண்ணுன" என்று லயமே கேட்டது. சண்டையில் இருந்தேன் என்றார். நாலு லயம் தள்ளி இன்னொரு பட்டாளக்காரர் இருந்தார். அவருக்குக் கொஞ்ச நாளில் ஸ்டார் வந்தது. "சண்டைக்குப் போனவனுக்குத்தான் நட்சத்திரம் குடுத்திருக்காங்களே, உனக்கெங்கே?" என்று கேட்டார்களாம்.

"அப்பவே எழுதிக் கேட்டிருக்கலாமேப்பா?"

"கேட்டிருக்கலாம். ஐயாவைப் பறிகொடுத்துட்டு மெடலுக்கு அலையுறான்னு அதுக்கும் பேசுவாங்கன்னு விட்டுட்டேன்."

பூப்பாறைக்குப் பக்கத்தில் அத்தை வீடு. எழுபது தாண்டிவிட்டது. "வாங்க" என்று ஒரு சொல், அவ்வளவுதான். நான்தான் கடிதம் ஏதாவது இருக்கிறதா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். உள்ளே போய் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்தார். மேலாக ஓர் இன்லேண்ட் லெட்டர். பிரிக்கவே இல்லை.

"ஐயாவுக்குக் காரியம் எல்லாம் முடிஞ்சு வந்துச்சு மருமகனே. பேரு போட்ட ஆளு போயிட்டாரு, யாரு பிரிக்கிறது? அம்மா அப்படியே வச்சுட்டாங்க. நானும் வச்சுட்டேன்."

பின்பக்கம் அனுப்புநர் முகவரியைப் பார்த்தேன். அப்பாவின் நம்பர், பெயர், அதற்குக் கீழே '99 ஏபிஓ'. வடக்கு, மேற்குப் படைகளுக்கு 56 ஏபிஓ, கிழக்குக்கு 99 ஏபிஓ என்பது பட்டாளத்துத் தபால் தெரிந்தவர்களுக்குத் தெரியும். முத்திரையில் தேதி, 1971 டிசம்பர் 20.

அப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நீயே படி" என்றார். கத்தியால் ஓரத்தைக் கீறிப் பிரித்தேன். ஊர் பெயர் எதுவும் எழுதவில்லை, எழுதவும் கூடாது. சண்டை நின்றுவிட்டது, நான் சுகம், ஐம்பது ரூபாய் மணியார்டர் அனுப்புகிறேன், ஐயா கம்பளி வாங்கிக்கொள்ளவும், பொங்கலுக்கு லீவு கேட்டிருக்கிறேன். அவ்வளவுதான்.

அத்தை ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "சண்டையிலதான் இருந்தியாண்ணே" என்றார். அப்பா தலையை ஆட்டினார். அத்தை எழுந்து போய்த் தேயிலை கொதிக்க வைத்தார். அன்று ராத்திரி அங்கேயே தங்கினோம்.

கடிதம் ஓர் ஆதாரம்தான், ஆனால் போதாது. அப்பாவோடு அகர்தலாவுக்கு லாரி ஓட்டிப் போன இன்னொருவரைத் தேடிப்பிடித்தோம். நாகர்கோவில் பக்கம் இருக்கிறார். பென்ஷன் சிக்கலுக்காக அவர் எப்போதோ வாங்கிய ஷீட் ரோல் நகலில் அந்தத் திரிபுரா வரி இருந்தது, பார்ட் டூ ஆர்டர் நம்பரோடு! அந்த நம்பரைக் குறிப்பிட்டு, அதே ஆர்டரில் அப்பாவின் நம்பரும் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி, கடித நகலையும் வைத்து எழுதினோம். 2024 மார்ச்சில் பதில் வந்தது. இருந்தது. பதிவு திருத்தப்பட்டது, பூர்வி ஸ்டாரும் சங்கிராம் மெடலும் பெறத் தகுதி உண்டு, மெடல் கையிருப்பு வந்ததும் அனுப்பப்படும் என்று ஒரு பக்கக் கடிதம். 52 வருடம் எப்படி விட்டுப்போனது என்பதற்கு அதில் பதில் இல்லை. அப்பாவும் கேட்கவில்லை.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமில்லை. வடதுருவக் கடலில் கப்பல் ஓட்டிய பிரிட்டிஷ்காரர்களுக்கு இரண்டாம் உலகப்போர் முடிந்து 2013இல்தான் ஆர்க்டிக் ஸ்டார் கொடுத்தார்கள், அதற்குள் பெரும்பாலோர் போய்ச் சேர்ந்திருந்தார்கள். கார்கில் போரில் பிரிகேடியர் தேவிந்தர் சிங்கின் பங்கைப் பற்றிய ஆவணத்தைத் திருத்தச் சொல்லி, 2010இல் ராணுவத் தீர்ப்பாயம் உத்தரவிட வேண்டியிருந்தது. பிரிகேடியருக்கே அப்படி என்றால் லாரி டிரைவருக்கு?

உங்கள் வீட்டிலும் பட்டாளக்காரர் இருந்தால், அடுத்த லீவில் டிஸ்சார்ஜ் புத்தகத்தை எடுத்து அவர் பக்கத்தில் உட்காருங்கள். எந்த வருடம் எங்கே இருந்தார், கூட யார் என்று கேட்டு எழுதுங்கள். ராணுவ எண்ணைத் தனியாகக் குறித்து வையுங்கள், பெயர் எழுத்து மாறினாலும் அது மாறாது. பென்ஷன் இல்லாமல் வெளியே வந்தவர் என்றால் இன்னும் சீக்கிரம். அவர்களுடைய கோப்பை 25 வருடத்துக்குப் பிறகு அழித்துவிடுவது வழக்கம், லாங் ரோல் என்ற பெரிய பதிவேட்டில் உள்ள சில வரிகள்தான் மிஞ்சும். முக்கியமாக, பழைய கடிதத்தை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

மெடல் இன்னும் வரவில்லை. கடையில் அச்சு அசலாக விற்கிறார்கள், பணியில் இருப்பவர்களே வாங்கிக் குத்திக்கொள்வது உண்டு, நானும் ஒன்று வாங்கி அனுப்பட்டுமா என்று கேட்டேன். "கடையில வாங்குறதுன்னா 72லயே வாங்கியிருப்பேனே தம்பி" என்றார். மெடல் விளிம்பில் நம்பரும் பெயரும் வெட்டி வர வேண்டுமாம்.

ஆனால் அந்த ஒரு பக்கக் கடிதத்தை ரெண்டு ஜெராக்ஸ் எடுக்கச் சொன்னார். ஒன்று டிஸ்சார்ஜ் புத்தகத்துக்குள். இன்னொன்றை ரிஜிஸ்டர் தபாலில் பூப்பாறைக்கு அனுப்பினார். அத்தை அதை லேமினேட் செய்து தாத்தா படத்துக்குக் கீழே மாட்டியிருக்கிறாராம்.

ராத்திரி ரெண்டு மணிக்கு இந்தியாவிலிருந்து போன் வந்தால் நம்மில் யாருக்குத்தான் நெஞ்சு அடித்துக்கொள்ளாது? இப்போதெல்லாம் எனக்குத் தந்தியும் சேர்ந்தே ஞாபகம் வருகிறது.

டிஸ்கி: அப்பாவுக்கு இப்போது 80. இந்தப் பதிவை அம்மா அவருக்குப் படித்துக் காட்டுவார். ஆசுகஞ்ச் பாலத்தைப் பற்றி ஏதாவது தப்பாக எழுதியிருந்தால், நாளைக்குக் காலையில் எனக்குப் போன் வரும் :-)