பாதிப் படம்

பால்மரம் சீவிய குடும்பத்துக்கும் கணினிக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் இருந்தேன். 2019-ஆம் ஆண்டில் ஒரு படத்தில் பாதியை இழந்த பிறகே எனக்குப் புத்தி வந்தது. நான் செய்த பிழையை நீங்களும் செய்துவிடக்கூடாது என்றே இதனை எழுதுகிறேன்.

என் தந்தையார் கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் மரம் சீவியவர். அவர் கையில் சீவும் கத்தியோடும் காலடியில் பால் வாளியோடும் நிற்கும் படம் ஒன்றே ஒன்றுதான் எங்களிடம் இருந்தது. அந்தத் தோட்டமும் இன்று இல்லை, லயமும் இல்லை. என் மகன் பள்ளி விடுமுறையில் பழைய படங்களை எல்லாம் கணினியில் ஏற்றினான். மறு ஆண்டே அட்டைப்பெட்டியிலிருந்த அசல் படங்களைக் கரையான் அரித்துவிட்டது. கணினியில் இருக்கிறதே என்று தைரியமாக இருந்தோம்.

மாதம் ஒரு முறை எல்லாவற்றையும் தனித் தட்டு ஒன்றில் நகல் எடுக்க மகன் ஏற்பாடு செய்திருந்தான். 'நகல் முழுமை பெறவில்லை' என்று திரையில் ஓர் அறிவிப்பு வரும். எனக்குப் புரியவில்லை, மூடிவிடுவேன். இப்படியே எட்டு மாதம் ஓடியது. ஒரு நாள் கணினி நகரவே மறுத்தது.

பழுது பார்க்கும் தம்பியை அழைத்தோம். அவர் கேட்ட முதல் கேள்வி, "அக்கா, நகல் கடைசியாக எப்போது முழுசாக முடிந்தது?" என்பதுதான். நான் தலைகுனிந்தேன்.

அவர் விளக்கியதைச் சொல்கிறேன். கணினித் தட்டு சின்னஞ்சிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. பழைய தட்டுகளில் ஒரு கட்டம் 512 பைட்டு. பிறகு வந்தவற்றில் பெரும்பாலும் 4,096 பைட்டு. நம் தோட்டத்தில் பட்டை காய்ந்து பால் வராத மரங்கள் உண்டல்லவா? அதுபோலச் சில கட்டங்களும் கெட்டுப்போகும். கெட்ட கட்டத்தில் புதிதாக எழுத வரும்போது, தட்டு அதை ஒதுக்கிவிட்டுக் கையிருப்பிலுள்ள வேறு கட்டத்தைப் பயன்படுத்திக்கொள்ளும். ஆனால் அங்கே முன்பே எழுதியிருந்ததைப் படிக்க முடியாவிட்டால் என்ன செய்வது? நகல் எடுக்கும் வேலை அந்த இடத்தில் முட்டி நின்றுவிடுகிறது. எங்கள் வீட்டில் நடந்தது அதுவே.

"செக்டிஸ்க் ஓட்டிச் சரி செய்துவிடலாமா?" என்றான் மகன். தம்பி தடுத்தார். அந்தச் சோதனை தட்டு முழுவதையும் மணிக்கணக்கில் துருவிப் பார்க்கும். நோயாளித் தட்டு அதிலேயே உயிரை விட்டுவிடலாம். "முதலில் பிரதி, பிறகுதான் வைத்தியம்" என்றார். கம்பியில் கோளாறு இல்லை, நகல் தட்டும் நன்றாக இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டார். தட்டு தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் 'ஸ்மார்ட்' கணக்கையும் பார்த்தார். பிறகு 'டிடிரெஸ்கியூ' என்னும் இலவச மென்பொருளால் புதிய தட்டுக்கு மாற்றத் தொடங்கினார். அது நல்ல இடங்களை முதலில் எடுத்துக்கொண்டு, கெட்ட இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வருமாம். இரண்டு இரவுகள் ஓடின.

பதினைந்து படங்கள் அடியோடு போயின. அப்பாவின் படம் திறந்தது. ஆனால் நெஞ்சுக்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். கத்தியும் இல்லை, வாளியும் இல்லை. அம்மா வெகுநேரம் பார்த்துவிட்டு, "முகம் இருக்கிறதே, அது போதும்" என்றார். அவர் என்னைத் திட்டியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும்.

வாசகர்களே, முதல் மாதமே அந்த அறிவிப்பைப் படித்து யாரிடமாவது கேட்டிருந்தால் பாதிப்பு குறைந்திருக்கலாம். இப்போது எங்கள் படங்கள் மூன்று இடங்களில் இருக்கின்றன. அதில் ஒன்று கிள்ளானில் தங்கை வீட்டில். மாதந்தோறும் நகலிலிருந்து ஐந்தாறு படங்களைத் திறந்தும் பார்க்கிறேன். திறந்து பார்க்காத நகலை நம்பாதீர்கள். தட்டிலிருந்து 'டிக் டிக்' என்று சத்தம் வந்தால் உடனே கணினியை அணைத்துவிட்டு, விவரம் தெரிந்தவரை அழையுங்கள்.

இன்றிரவே உங்கள் வீட்டு நகலைத் திறந்து பாருங்கள். உங்கள் அப்பாவின் படமாவது முழுதாக இருக்கட்டும்.